அரை டிக்கெட் இல்லை

இரவு இரண்டு மணிக்குச் சூளையின் கண்ணைத் திறக்கிறேன்.
உள்ளே வெள்ளைக்கல் வேகிறது.
நீலக் கண்ணாடி வழியே பார்த்து
நிறத்தை வைத்துச் சூடு சொல்வதற்குத்தான் சம்பளம்.
சிவப்பு என்றால் இன்னும் பசி.
ஆரஞ்சு என்றால் பொறு.
மஞ்சள் வெளுத்தால் மாதேசனைக் கூப்பிட்டு
எண்ணெயைக் குறைக்கச் சொல்.

மூன்று நாளாக மஞ்சள் என்றாலே எனக்கு வயிறு கலங்குகிறது.
பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள்
கண்ணை மூடிக் கட்டிப் படுக்கவைத்திருக்கிறார்கள்
தங்கச்சி பிள்ளையை.
இன்னும் பெயர் வைக்கவில்லை. கால் பட்டையில்
‘செங்கமலம் குழந்தை’ என்று மட்டும்.
ரத்தத்தில் மஞ்சள் பதினேழு.
மேலே நான்கு நீலக் குழல்விளக்கு.

“இவ்வளவுதானா வைத்தியம்?”
“இவ்வளவுதான்” என்றார் லூர்துமேரி சிஸ்டர்,
பால் குடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டே.

நான் நிற்கும் இடத்தில் வெளிச்சம் மலையாகக் கொட்டிக் கிடக்கிறது.
ஒரு கரண்டி அள்ளிப் போக முடிந்தாலும்
அவனுக்கு ஆகாது.

டிபன் டப்பாவுக்கு அடியில் அஞ்சல்வழிப் பாடம். சனிக்கிழமை பரீட்சை.
பழைய கணக்குப்படி
இந்தத் துளையில் கண் வைத்தவள்
முதல் நாளே ஊதாவில் பொசுங்கியிருக்க வேண்டுமாம்.
பொசுங்கவில்லையே, ஏன் என்று கேட்டு
ஒருவர் அரை மனதாக ஒரு நிபந்தனை போட்டுப் பார்த்தார்:
சூடு வெளிச்சமாகும்போது சில்லறையாக இறங்காது.
நிறத்துக்கு ஒரு டிக்கெட்.
சிவப்பு மலிவு, நீலம் விலை.
ஏற்காட்டு பஸ்ஸில்கூட அரை டிக்கெட் உண்டு,
இங்கே கிடையாது.
நீலத்துக்குக் காசு சேராத சூளை
சிவந்து நிற்கிறது.

சூளைக்குப் போட்ட கணக்கு
சூளையோடு நின்றிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

கோடிச் சிவப்பு வந்து கதவைத் தட்டினாலும்
குழந்தையின் மஞ்சள் முடிச்சு அவிழாது.
ஒரு முடிச்சுக்கு ஒரு நீலம் போதும்.
கூட்டத்தால் ஆகாதது
ஒற்றைச் சரியான காசால் ஆகிறது.

பிறகு வைரம்.
செவ்வாய்ப்பேட்டையில் என் மூக்குத்தியை அடகு வைத்தபோது
பக்கத்துத் தராசில் யாரோ ஒருத்தியின் வெள்ளிக் கொலுசு.
இரண்டுக்கும் ஒரே வெயில்.
ஆனால் அணுவுக்கு அணு எண்ணினால்
கொலுசு வாங்கும் சூட்டில் கால் பங்குதான்
வாங்குமாம் வைரம்.
அதன் அணுக்கள் விறைப்பானவை,
பெரிய நோட்டாகக் கேட்பவை.
நம் ஊர் வெயிலில் அத்தனை நோட்டு புரள்வதில்லை.
கடைக்காரருக்கு இது எதற்கு?
அவர் ரசீது எழுதினார்.

ஷிப்ட் முடிந்து வரும்போது ஐந்து ரோட்டில்
சோடியம் விளக்குகள் இன்னும் அணையவில்லை.
வடக்கே மலை, பனிக்குள் பாதி.
அதன் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவு,
ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை.
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே அங்கே சாலையாவது இருக்கிறது.
சோடியத்துக்குள் அதுவும் இல்லை.
ஒரு படியில் இருந்தது, அடுத்த படியில் இருக்கிறது,
விழுந்த உயரம்தான் இந்த மஞ்சள்.

நான்கு இடத்திலும் ஒரே எண்.
பூஜ்யம், புள்ளி, முப்பத்து மூன்று பூஜ்யம்,
பிறகு வெட்கப்பட்டு எட்டிப் பார்க்கும் ஓர் ஆறு.
சூளையிலும் வட்டிக்கடையிலும் தெருவிளக்கிலும்
அந்த ஆறேதான் நின்றுகொண்டிருந்தது,
நான்தான் நான்கு பேர் என்று நினைத்து
தனித்தனியாக வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வார்டில் செங்கமலம் சீட்டை நீட்டினாள்.
பன்னிரண்டரை.
‘அரை’யைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
“எதுக்குடி சிரிக்கிறே?”
சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் சிஸ்டர் குனிந்து பார்த்து,
“மஞ்சளாப் போயிருக்கான், நல்லது” என்றார்.

வேறு துணி எடுக்கப் போனேன்.